மெலிவில் வலிவு: யார், யாருக்குச் சொல்வது?

துன்புற்றவனைத் தேடிச் சென்று அறிவுரை கூறுவதைப் போல எளிய தொழில் உலகில் வேறொன்றும் இல்லை. நோயுற்றவன் எழுந்து போக இயலாது. வறியவன் எதிர்த்துப் பேசத் துணியான். மகனைப் பறிகொடுத்த தாய் வாதாடும் நிலையில் இராள். ஆகவே சொல்பவன் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போகலாம். "எல்லாம் நன்மைக்கே" என்பான். "ஆண்டவர் உன்னைச் சோதிக்கிறார்" என்பான். "உன் சிலுவையை நீதான் சுமக்க வேண்டும்" என்பான். சொல்லி முடித்துத் தன் இல்லம் ஏகி, வயிறார உண்டு, அமைதியாக உறங்குவான்.

கிறித்தவ சமயத்தின் உயிர்நிலைக் கருத்துகளுள் ஒன்று, மனிதன் மெலிந்து நிற்கும் இடத்திலேயே இறைவனின் ஆற்றல் நிறைவாக வெளிப்படும் என்பதாகும். இக்கருத்தை மறுப்பது நம் நோக்கமன்று. அதனை மெய்யென்றே கொள்கிறோம். ஆயினும் மெய்யான சொல்லும் உரிமையில்லாத வாயில் புகுந்தால் பொய்யாகிவிடும். "நான் ஏழை, ஆயினும் மானம் உடையவன்" என்று ஏழை சொன்னால் அது பெருமிதம். "நீ ஏழையாக இருப்பதே உனக்குப் பெருமை" என்று அவனிடம் செல்வன் சொன்னால் அது கயமை. இரண்டு கூற்றுக்கும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. சொல்லும் வாய்தான் வேறு. மெலிவில் வலிவு என்னும் உண்மையைத் துன்புறுவோன் தன்னைக் குறித்துச் சொல்லலாம். வலியோன் தன் செருக்கு அடங்கும்படி அதனைக் கேட்கலாம். ஆனால் வலியோன் மெலியோனுக்கு அதனைப் போதிக்க எவ்வகை உரிமையும் இல்லை. இதுவே இக்கட்டுரையின் வழக்கு.

இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போருள் கிறித்தவர் சிலரே. சைவரும் வைணவரும் பிறரும் பலர். இப்பொருள் நமக்கு உரியதன்று என அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், திருவதிகையில் இறைவன் திருமுன் நின்று பாடிய பதிகத்தோடுதான் அவருடைய தேவாரமே தொடங்குகிறது. திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு முன்னே ஆள்வினையுடைமையை வைத்தார். முயற்சியைச் சொல்லிய பின்னரே பொறுமையைச் சொன்ன அந்த வைப்புமுறை எண்ணத்தக்கது. துன்பத்தை என்ன செய்வது என்னும் வினா எச்சமயத்தார்க்கும் பொதுவானது.

பவுல் யாரிடம் பேசினார்?

மெலிவைப் பற்றிய இக்கருத்து, திருத்தொண்டர் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. மேடைகளில் பெரும்பாலும் அந்த ஒரு வசனமே ஓதப்படும்; அதன் முன்னும் பின்னும் என்ன நிகழ்கிறது என்பது பேசப்படுவதில்லை.

கொரிந்து செல்வ வளம் மிக்க துறைமுக நகரம். அங்கே சில போதகர்கள் தம் பேச்சு வன்மையையும், குலச் சிறப்பையும், கண்ட தரிசனங்களையும் பறைசாற்றிச் சபையைத் தம் வசப்படுத்தினர். பவுலின் தோற்றம் எளியது, பேச்சு கவர்ச்சியற்றது என்று அவர்கள் ஏளனம் செய்தனர். அவர்களுக்கு விடை கூறும்போதே பவுல் தம் மெலிவுகளைப் பட்டியலிட்டார்: பட்ட அடிகள், கிடந்த சிறைகள், கவிழ்ந்த கப்பல்கள், பசி, குளிர். பட்டியலின் முடிவில் தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து கூடையில் வைத்து இறக்கிவிடப்பட்டுத் தப்பியோடிய செய்தியைச் சொன்னார். பகைவர் மதிலில் முதலில் ஏறிய வீரனுக்குப் பொன்முடி சூட்டியது உரோமப் பேரரசு. அப்பேரரசின் குடிமகனாகிய பவுலோ, மதிலிலிருந்து கூடையில் இறங்கியதைத் தம் பெருமையாகக் கூறுகிறார்! பெருமை பேசுவோரை இதனினும் கூர்மையாக எள்ளி நகையாட இயலுமோ?

ஆகவே அந்த அதிகாரம் தற்பெருமையாளரின் முகத்துக்கு நேரே எழுதப்பட்டது. கொரிந்து நகரத்து அடிமைகளை அழைத்து, "நீங்கள் மெலிந்தே இருங்கள், அதுவே உங்களுக்கு நல்லது" என்று பவுல் அதில் சொல்லவில்லை. தம் உடலில் தைத்த ஒரு முள்ளைப் பற்றி, தம் வாயால், தம்மைக் குறித்துச் சொன்னார். அம்முள் நீங்க வேண்டுமென்று மும்முறை மன்றாடிய பின்னரே சொன்னார். துன்பம் நீங்க வேண்டுதல் நம்பிக்கைக் குறைவு என்போர் இந்த மூன்று மன்றாட்டுகளையும் விழுங்கிவிடுகின்றனர்.

முதற் பிழை

இன்று இவ்வுண்மைக்கு இரு திசையிலிருந்தும் கேடு சூழ்கிறது. ஒரு திசையில் வளமைப் போதகர் நிற்கின்றனர். சுவரொட்டிகளில் கோட்டும் சூட்டுமாகச் சிரிக்கும் இவர்கள், நம்பிக்கையுடையவனுக்கு நோயில்லை, கடனில்லை, தோல்வியில்லை என்கின்றனர். தசமபாகம் தவறாமல் செலுத்தினால் செல்வம் பன்மடங்காகத் திரும்பும் என்கின்றனர். அவ்வாறு திரும்பாதபோது பழி யார்மேல் விழுகிறது? போதகர்மேலன்று; "உன் விசுவாசம் போதாது" என்று நோயாளிமேலேயே விழுகிறது. ஏற்கெனவே நோயைச் சுமந்தவன் இப்பொழுது குற்றத்தையும் சுமக்கிறான். இத்தகைய போதனையை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் விளைவது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

இப்பிழை புதியதன்று. "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்? இவனுடையதா, பெற்றோருடையதா?" என்னும் பொருள்படச் சீடர் வினவியதை யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம் காட்டுகிறது. அவ்விரண்டு காரணத்தையும் இயேசு பெருமான் மறுத்துரைத்தார். மறுத்ததோடு நில்லாமல் அவனுக்குப் பார்வையும் அளித்தார். யோபுவின் நண்பர்கள் பக்கம் பக்கமாக விளக்கிய கொள்கையும் இதுவே: நீ துன்புறுகிறாய், ஆதலின் நீ தவறு செய்திருக்கிறாய் என்பது. நூலின் முடிவில் இறைவனது சினம் அந்நண்பர்கள்மேலேயே மூண்டது. நம் ஊர்களில் ஊனத்துடன் பிறந்த குழந்தையைக் கண்டு, "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்பாரும், மேடையேறி, "விசுவாசக் குறைவு" என்பாரும் வேறு வேறு சமயத்தார், ஆயினும் ஒரே பள்ளியில் பயின்றவர்களே.

இரண்டாம் பிழை

மறுதிசையில் நிற்போர் இன்னும் நயமானவர்கள். அவர்கள் துன்பத்தை இகழ்வதில்லை; புகழ்கின்றனர். குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், "பொறுத்துக்கொள் அம்மா, அவரும் சிலுவையில் பொறுத்தார்" என்கின்றனர். கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியிடம் பரலோகக் கூலியைக் காட்டுகின்றனர். ஒடுக்கப்பட்டோனிடம் தாழ்மையின் மேன்மையை விரித்துரைக்கின்றனர். வளமைப் போதகர் துன்புறுவோனைக் குற்றவாளி ஆக்குகின்றனர்; இவர்களோ அவனைப் புனிதனாக்கி அவன் வாயை அடைக்கின்றனர்.

இவர்களிடம் நாம் மூன்று வினாக்கள் எழுப்புவோம். முதலாவது: இயேசு பெருமான் தம்மிடம் வந்த எந்த நோயாளியிடம், "இந்நோய் உனக்கு நல்லது, வைத்துக்கொள்" என்றார்? நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பார்க்கலாம், ஓரிடமும் இல்லை. இரண்டாவது: கெத்செமனே தோட்டத்தில் அவரே தம் துன்பக் கிண்ணம் நீங்க வேண்டுமென்று வேண்டவில்லையா? துன்பம் இயல்பாகவே இனியதாயின் அந்த இரவு வேண்டுதல் எதற்கு? மூன்றாவது: சிலுவையை நாட்டியவர் யார்? அது வானத்திலிருந்து விழுந்ததன்று. உரோம ஆளுநன் பிலாத்து, குற்றமில்லை என்று தானே அறிவித்த ஒருவருக்கு விதித்த கொலைத் தண்டனை அது. உயிர்த்தெழுதல் என்பது அத்தீர்ப்பை இறைவன் தள்ளுபடி செய்தது அன்றோ? சிலுவையை வணங்குவோன் சிலுவை நாட்டுவோனுக்குத் துணைபோகலாகாது.

1518இல் மார்ட்டின் லூதர் ஹைடல்பர்க் நகரத்து விவாதத்தில் சிலுவை இறையியலை எடுத்துரைத்தபோது, அவர் எதிர்த்தது மகிமையையே நாடிய சமய அறிஞர்களை. போர்க்கைதியாகக் கிடந்து மீண்ட யூர்கன் மோல்ட்மான் 1972இல் சிலுவையில் அறையப்பட்ட இறைவனைப் பற்றி நூல் எழுதியபோது, துன்புறுவோரோடு துன்புறும் இறைவனைக் காட்டினாரேயன்றித் துன்புறுத்துவோருக்கு நற்சான்று வழங்கவில்லை. தோல்வியுற்ற ஜப்பானில் 1946இல் இறைவனின் வேதனையைப் பற்றி நூல் வெளியிட்டவர் கித்தமோரி. இவர்கள் அனைவரும் ஒருமுகமாகச் சொல்வது, இறைவன் துன்புறுவோர் பக்கத்தில் நிற்கிறான் என்பதே. துன்பம் தொடர வேண்டுமென்று இறைவன் விரும்புகிறான் என்பது வேறு செய்தி. அதனை இவர்கள் சொல்லவில்லை.

நம் அண்டையில் ஒரு சான்று

செருமனிக்கும் ஜப்பானுக்கும் போவானேன்? நம் அண்டையிலேயே சான்று உள்ளது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த புத்தலப்பட்டு, பேரணாம்பட்டு முதலிய வடார்க்காட்டு ஊர்களைப் போலவே 'பட்டு' என முடியும் பெயருடையது. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும்வரை வடார்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காடு மிஷன், வேலூரையும் சித்தூரையும் ஒரே வயலாகக் கொண்டு உழுதது. அக்குடும்பத்தில் தோன்றிய ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுள் நோயாளியோடு வேலூருக்குப் பேருந்து ஏறாத குடும்பம் அரிது.

அங்கே 1946இல் பணியேற்றவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் எண்ணினர். பிராண்ட் நுணுகி ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வை அழிக்கிறது. வலி தெரியாததால் நோயாளி கொதிக்கும் கலத்தைக் கையால் பற்றுகிறார். புண்பட்ட காலால் மேலும் நடக்கிறார். உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. விரல்களை அழித்தது வலியன்று; வலியின்மையே! தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை அவர் வளர்த்தார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பிற்காலத்தில், வலியை அறிவிக்கும் செயற்கைக் கருவியொன்றைச் செய்யவும் அவர் குழுவினர் முயன்றனர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. காரணம் யாது? எச்சரிக்கை இடையூறாகத் தோன்றும்போது, அணிந்திருந்தோர் கருவியை நிறுத்திவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தனர். நிறுத்தி வைக்கக்கூடிய வலியால் பயனில்லை என்பது அவர் கண்ட முடிவு.

ஒன்றைக் கூர்ந்து நோக்குக. வலி ஒரு கொடை என்று எழுதிய இம்மருத்துவர், அதற்காக நோயாளிகளை நோயோடு விட்டுவிடவில்லை; கத்தியையும் ஊசியையும் எடுத்து விரலை நிமிர்த்தினார். வலியின் பயன், அது எழுப்பும் செயலில் உள்ளது. செயலை எழுப்பாத வலிப்புகழ்ச்சி வெறும் சொல்லாட்டம்.

அவரிடம் பணிபுரிந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1925இல் கேரளத்தில் பிறந்து வேலூரில் பயின்ற அவர், 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். இளமையும் படிப்பும் கைகூடிய வேளையில் நேர்ந்த இடி அது. பிராண்ட் அவரிடம் துன்பத்தின் மேன்மையை ஓதிக்கொண்டிருக்கவில்லை. அமர்ந்தவாறே செய்யக்கூடிய கை அறுவை மருத்துவத்தை அவருக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் முதுகுத்தண்டு சிதைந்தோருக்கான மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார்.

தம் மெலிவில் ஆற்றலைக் கண்டதாகக் கூறும் உரிமை மேரி வர்கீசுக்கு உண்டு. ஏனெனில் அந்த நாற்காலி அவருடையது. அந்த நாற்காலியில் அமராத நாம், அதில் அமர்ந்த இன்னொருவரிடம் சென்று, "நீயும் மேரி வர்கீசைப் போல் மகிழ்ந்திரு" என்றால் அது அறமாகுமா? அவர் வரலாறு நமக்கு இடும் கட்டளை வேறு: சாய்தளம் அமை, பயிற்சி கொடு, வேலை கொடு, அவர் வாய் திறந்து பேசும்வரை காத்திரு.

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரமும் இதனையே உரைக்கும். காசநோய்க்கு மருந்தே காணப்படாத காலத்தில், பல மிஷன்கள் ஒன்றுகூடி 1915இல் அங்கே ஒரு நிலையத்தைத் திறந்தன. குணமாக்கவியலாத நோயாயினும் நோயாளிக்குப் படுக்கையும், நற்காற்றும், உணவும், ஒரு துணையும் உண்டு என்று சொல்லிய செங்கற்கள் அவை. சிலுவை இறையியலைச் செங்கல்லால் எழுதலாம். வெறும் நாவினால் எழுதினால் நிலைக்காது.

நீட்சேயின் கேள்வி

கிறித்தவம் மெலிவை நற்பண்பாக்கி மனித குலத்தைக் கோழையாக்கிவிட்டது என்று செருமானியத் தத்துவ அறிஞர் நீட்சே குற்றஞ்சாட்டினார். 1888இல் அவர் எழுதிய நூலில் இக்குற்றச்சாட்டு சீறி எழுகிறது. பக்தர்கள் அவரைத் திட்டிவிட்டுப் போவதால் பயனில்லை. நாம் மேலே கூறிய இரண்டாம் பிழையை எண்ணிப் பார்த்தால், அவர் எறிந்த கல் சரியான சன்னலிலேயே விழுந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடங்கியிருக்கக் கற்பிக்கும் சமயம் இழிவுக்குரியதே.

ஆயினும் அவர் காணத் தவறியது ஒன்றுண்டு. வலிமை, மெலிவு என்பன இருவேறு மனித இனங்களல்ல. ஒரே மனிதனின் இருவேறு பொழுதுகள். 1889இல் அறிவு கலங்கி வீழ்ந்த நீட்சே, 1900இல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார். முதலில் அவரைப் பேணியவர் அவர் தாய். ஒரு லூத்தரன் போதகரின் கைம்பெண். இதனை ஏளனமாகச் சொல்லவில்லை. வலியோர் வாழட்டும், மெலியோர் ஒழியட்டும் என்னும் உலகில் நீட்சேக்கே இடமிருந்திராது என்பதற்காகவே சொல்கிறோம். குழந்தையாய்ப் பிறந்து முதியராய் இறக்கும் மனிதன், தன் வாழ்நாளின் இரு முனைகளிலும் பிறர் கையை நம்பியே இருக்கிறான்.

தனித்தொகுதியும் தனிக் கல்லறையும்

மீண்டும் புத்தலப்பட்டுக்கு வருவோம். தொகுதிச் சீரமைப்பில் உருவாகி 2009இல் முதல் தேர்தலைக் கண்ட புத்தலப்பட்டு, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஒடுக்கப்பட்டோர் மிகுதியாக வாழும் பகுதி என்பது அதனாலேயே விளங்கும். அவர்களுள் கிறித்தவத்தைத் தழுவியவருக்கு நேர்வது என்ன? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களல்லாதாரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறக்கப்பட்டது; கிறித்தவருக்குத் திறக்கப்படவில்லை. ஆந்திரத்தில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோரின் 'சி' பிரிவில் வைக்கப்பட்டு ஒரு விழுக்காடு ஒதுக்கீடு பெறுகின்றனர். தம் சொந்த ஊரின் தனித்தொகுதியில் வேட்பாளராக நிற்க இவர்களால் இயலாது. 2023 மார்ச்சில் ஆந்திரச் சட்டமன்றம் இவர்களைப் பட்டியலில் சேர்க்குமாறு தீர்மானம் நிறைவேற்றியதே, குறை உண்டென்பதற்குச் சான்று.

"உங்கள் சமயத்தில் சாதியில்லையே, பிறகு ஏன் சலுகை?" என்று அரசு கேட்கிறது. சமயத்தில் சாதியில்லை என்பது உண்மையானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833லேயே சாதி வேற்றுமையைக் கைவிடுமாறு தென்னாட்டுச் சபைகளுக்கு ஆணையிட்டார். ஆயினும் தனி வரிசை, தனித் தெரு, தனிக் கல்லறை என்பன தொடர்ந்தன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் எழுப்பப்பட்ட சாதிச் சுவர் நாடறிந்தது. 2003இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே இதனைக் கண்டித்துப் பேச நேர்ந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கோயிலுக்குள் வந்தான். அங்கும் ஒரு சுவர் நின்றது. இறந்த பின்னும் ஒரு சுவர் நின்றது.

இவனிடம், "மெலிவில் வலிவு உண்டு, தாழ்மையைத் தரித்துக்கொள்" என்று சுவருக்கு அப்புறத்திலிருந்து போதிப்பவன் பவுலின் சீடனா, அன்றிப் பவுலை ஏளனம் செய்த கொரிந்துப் போதகரின் சீடனா? 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வித்திட்டபோது, பாடுபடும் ஊழியனாகிய இறைவனை ஒடுக்கப்பட்டோன் தன் கண்ணாலேயே கண்டு, தன் வாயாலேயே பேசும் காலம் பிறந்தது. அதே ஏசாயா தீர்க்கன் நூலின் 53ஆம் அதிகாரம்தான்; ஆனால் இம்முறை வாசித்தவன் வேறு. மேலிருந்து ஓதியபோது விலங்காயிருந்த சொல், கீழிருந்து ஓதியபோது சாவியாயிற்று.

குடிபெயர்ந்தோர்க்கு ஒரு சொல்

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பொருள் மிக அணித்தானது. தென்னாப்பிரிக்காவில் 1913இல் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறக்கலாகாது. கடுங்காவலில் நோயுற்று, விடுதலையாகிச் சில நாட்களிலேயே 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 16. நோயுற்ற அச்சிறுமியின் மெலிவுக்கு முன் ஓர் அரசு நாணி நின்றது. அத்துன்பம் அவர் தாமே தேர்ந்தது. அநீதியைச் சுமப்பதற்காகவன்று, அதனை ஒழிப்பதற்காகத் தேர்ந்தது. அதே 1914இல் டர்பன் சென்றவர் ஆங்கிலிக்கன் குருவாகிய சி. எஃப். ஆண்ட்ரூஸ். 1915இல் பிஜித் தீவுக்கும் சென்று ஒப்பந்தக் கூலிகளின் அவலத்தைக் கண்டார். "பொறுத்திருங்கள்" என்று அவர்களிடம் சொல்லவில்லை. "பொறுக்க முடியாது" என்று அரசிடம் சொன்னார். 1917இல் ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நின்றது. துன்புறுவோனிடம் பொறுமையையும் ஆள்வோனிடம் பணிவையும் பேசுவது ஒருவகைச் சமயம். துன்புறுவோனிடம் மௌனமாய் அமர்ந்து ஆள்வோனிடம் உரக்கப் பேசுவது ஆண்ட்ரூஸின் சமயம்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். குடிபெயர்ந்த குடும்பம் தன் மெலிவை மறைத்தே வாழப் பழகியது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் அனைவரும் நலம். ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியாயினும் புதுப்புடைவை. தோற்றுப்போனேன் என்று சொல்லப் பிறந்த ஊரும் இடந்தராது, பிழைக்க வந்த ஊரும் இடந்தராது. எஞ்சியிருப்பது நம் சங்கங்கள். அவையேனும் இடந்தருகின்றனவா? பொங்கல் விழா மேடையில் யார் அமர்கிறார்? மலரின் முதற் பக்கங்களில் யாருடைய படங்கள் அச்சாகின்றன? கடை நொடித்துப்போனவர், மனநோயுற்ற மகளை வீட்டுக்குள் வைத்துக் காப்பவர், கணவனை இழந்து தையல் இயந்திரத்தால் பிழைப்பவர் ஆகியோர் சந்தா கட்ட இயலாமலோ, முகம் காட்டக் கூசியோ சிறுகச் சிறுக வராமல் நின்றுவிடுகின்றனர். வராதவர் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு நாம் விழாவைத் தொடர்கிறோம். எச்சரிக்கைக் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்த கையைப் போன்றது இச்செயல்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் சபையை உடலுக்கு ஒப்பிட்டு, மெலிந்ததாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என்கிறார். ஓர் உறுப்பு நோகும்போது முழு உடலும் நோகும் என்கிறார். அது கவிதை நயத்துக்காகச் சொன்ன உவமையன்று, உடலின் இலக்கணம். நோவை உணராத உடல் தன் விரல்களை இழக்கும் என்பதை வேலூர் மருத்துவர் அறிவியலால் மெய்ப்பித்தார். நோவை உணராத சங்கம் தன் மக்களை இழக்கும்.

முடிபு

பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதிய பயணக் கதையை 1678இல் உலகம் பெற்றது. அதனைத் தழுவி நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் தமிழ்க் காப்பியத்தை 1894இல் தந்தார். சிறைக்குள் பிறந்த கதை கடல் கடந்து காப்பியமாயிற்று. அக்கதையின் பயணி தன் முதுகுச்சுமையோடு புறப்படுகிறான். சுமை அவன் பெருமைக்காக ஏற்றப்பட்டதன்று. சிலுவையின் அடியில் அது கழன்று விழுகிறது. சுமை கழன்று விழும் இடமே சிலுவை. பிறர் முதுகில் சுமை ஏற்றும் இடமன்று.

ஆதலின், மெலிவில் வலிவு என்னும் சொல் எங்கே ஒலிக்கக் கேட்டாலும் மூன்றை வினவுங்கள். சொல்பவர் யார்? கேட்பவர் யார்? சொல்லி முடித்தபின் சுமை யார் முதுகில் இருக்கிறது? அடிபட்டவர் தம் வாயால் சொன்னால் எழுந்து நின்று கேளுங்கள். வலியோருக்கு எதிரே சொன்னால் கைதட்டி வரவேற்றுங்கள். மெலிந்தவர் முன் அமர்ந்து, வலியவர் இதனை ஓதத் தொடங்கினால், அது மேடையாயினும் பீடமாயினும் அஞ்சாமல் குறுக்கிட்டு, "ஐயா, முதலில் ஒரு கை கொடுங்கள், சுமையை இறக்குவோம், பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள்.